தில்லிக் குளிரில் ‘இன்று மாவு பொங்கவில்லை’ என்று எழுதுவதால் யாருக்கு என்ன பயன்?

வாசகர் கேள்வி, டிசம்பர் 5

நான் திருநெல்வேலிக்காரன். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பதற்காக ஆகஸ்டில் தில்லிக்கு வந்து ஓல்டு ராஜிந்தர் நகரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஊர்க்காரர் ஒருவர் இங்குள்ள தமிழர்களின் வாட்ஸாப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். குளிர் தொடங்கியதிலிருந்து, விடிந்தால் போதும், இட்லி மாவு பொங்கவில்லை, தயிர் உறையவில்லை, எங்கள் மாடியில் வெயில் வந்துவிட்டது என்றே செய்திகள் வருகின்றன. ரத்தம் வேண்டும், வீடு வேண்டும், மருத்துவமனையில் துணைக்கு ஆள் வேண்டும் என்ற தேவைகளுக்கு மட்டும் குழுவை வைத்துக்கொண்டால் போதாதா? மற்றவை எல்லாம் வீண் பேச்சாகவே எனக்குப் படுகின்றன. பெரியவர்கள் தவறாக எண்ண வேண்டாம்.

டிசம்பர் 6

தம்பி, இதில் தவறாக எண்ண ஒன்றுமில்லை. மயூர் விஹாரில் நெடுங்காலமாகக் குடியிருப்பவள் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். வாய் திறந்து உதவி கேட்பவர்களுக்கு எப்படியாவது உதவி கிடைத்துவிடும். கேட்காதவர்கள்தான் இந்த ஊரில் அதிகம், அதிலும் வயதானவர்கள் யாரையும் சிரமப்படுத்தக் கூடாது என்று உறுதியாக இருப்பார்கள்.

ஜனக்புரியில் தனியாக வசிக்கும் ஒரு மாமி குழுவில் இருக்கிறார். தமக்கு உடம்பு முடியவில்லை என்று அவர் ஒருநாளும் எழுதியதில்லை. ஆனால் மாவு அரைத்தால் எழுதுவார், கடையில் சின்ன வெங்காயம் கிடைத்தால் எழுதுவார். சென்ற குளிர்காலத்தில் ஒருநாள், ‘இந்த வாரம் மாவு அரைக்கவில்லை, கிரைண்டருக்கு முன்னால் நிற்கவே முடியவில்லை’ என்று எழுதினார். நிற்க முடியவில்லை என்ற இரண்டு சொற்களைப் படித்த துவாரகாத் தோழி ஒருவர் ஒரு தூக்கில் மாவை எடுத்துக்கொண்டு நேரில் போய்விட்டார். மாமியின் கால்விரல்கள் சிவந்து, வீங்கி, அரிப்பும் எரிச்சலுமாக இருந்தன. மொசைக் தரையில் நாள் முழுவதும் வெறுங்காலுடன் நின்றுவிட்டு, இரவில் விறைத்த கால்களை நேரே ஹீட்டருக்கு முன்னால் நீட்டி உட்கார்ந்ததால் வந்த தொல்லை அது. குளிரில் சுருங்கிய சிறு ரத்தக் குழாய்கள் திடீரென்று சூடேறினால் இப்படித்தான் ஆகும் என்று மருத்துவர் விளக்கியிருக்கிறார்.

காலுறை போடச் சொன்னால் போயிற்று என்று நினைக்கலாம். பூசை அறைக்கும் சமையலறைக்கும் காலுறையோடு போவது மாமிக்கு ஒப்பாது. அந்தத் தோழி வாதாடவில்லை. புதிதாக இரண்டு ஜோடி கம்பளிக் காலுறைகளை வாங்கி, நனைத்து உலர்த்தி, இவை பூசை அறைக்கு மட்டும் என்று தனியாக ஒரு துணிப்பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு வந்தார். மாமி இன்றுவரை அவற்றை அணிகிறார். உங்கள் ஏற்பாட்டின்படி தேவைகளை மட்டும் எழுத வேண்டும் என்றிருந்தால் அந்த மாமி எதையுமே எழுதியிருக்க மாட்டார்.

மாவுக்கும் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீங்கள் அறையில் சமைப்பவராகவும் இருக்கலாம். வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, கையாலேயே நன்றாகக் கரைத்து, பாத்திரத்தைப் பழைய சால்வையில் சுற்றி, மூடிய அலமாரிக்குள்ளோ விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவன் என்கிற மின்னடுப்புக்குள்ளோ வைக்க வேண்டும். ஊரில் ஓர் இரவில் பொங்குகிற மாவு இங்கே ஜனவரியில் ஒரு பகலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு இட்லி வார்த்தால் கல்லாகத்தான் வரும்.

டிசம்பர் 7

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஓவன் விளக்கு என்றால் சூடு தரும் பழைய குண்டு பல்பைத்தான் குறிப்பிட்டேன். புதிய ஓவன்களில் உள்ள எல்இடி விளக்கு வெளிச்சம் மட்டுமே தரும், மாவுக்குப் பயன்படாது. அப்படிப்பட்டவர்கள் உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்து மூடலாம். தயிருக்கு, பாலை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில் இறக்கி, உறைமோரையும் கூட்டி ஊற்றி, ஹாட்பேக்கில் வைத்தால் காலைக்குள் உறைந்துவிடும்.

டிசம்பர் 12

ராமகிருஷ்ணபுரத்து நண்பர் ஒருவர், தனியாக இருப்பவர்களுக்குத் தினமும் தொலைபேசியில் பேசினால் போதும், ஊரறிய எழுத வேண்டியதில்லை என்கிறார். பேச வேண்டும், நானும் பேசுகிறேன். இருந்தாலும் தொலைபேசியில் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறேன், குழந்தைகள் சௌக்கியமா?’ என்று பேச்சு நம் பக்கமே திரும்பிவிடுகிறது. நலம் விசாரிக்கும்போது யாரும் நலக்குறைவைச் சொல்வதில்லை. வெந்நீர், ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை, காப்பிப்பொடி என்று பேசும்போது தானாக வெளியே வருகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நான் ஒருத்தி அழைத்தால் எனக்குத் தெரிந்த அளவுதான் புரிந்துகொள்வேன். பலர் படிக்கும் இடத்தில் எழுதினால், அந்த ஒரு வரியின் பொருள் புரிந்தவர் அவர்களில் எவராவது இருப்பார்.

டிசம்பர் 19

மேலே எழுதிய கடைசி வரிக்கு இந்த வாரமே ஒரு சான்று கிடைத்துவிட்டது. சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

லட்சுமி நகரில் புதிதாகக் குடியேறிய இளம் தம்பதியர். திங்கட்கிழமை காலை அந்தப் பெண், ‘இரண்டு நாளாகக் குளித்துவிட்டு வந்தாலே தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, சற்று நேரம் பால்கனியில் நின்றால் சரியாகிவிடுகிறது, தில்லிக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும்’ என்று எழுதியிருந்தாள். ஒருவர் சுக்குக் காப்பி சொன்னார், ஒருவர் தலைக்குக் குளிக்க வேண்டாம் என்றார், ஒருவர் நல்ல செய்தியாக இருக்கலாம் என்று வாழ்த்தியே விட்டார். மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் தங்கை ஒருத்தி இரவுப் பணி முடிந்து பேருந்தில் திரும்பும்போது இதைப் படித்து, ‘வெந்நீர் எதில் போடுகிறீர்கள்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கேஸ் கீசர், அதாவது எரிவாயுவில் எரியும் வெந்நீர்க் கருவி, என்று பதில் வந்தது. அடுத்த நொடியே தொலைபேசியில் அழைத்துவிட்டாள்.

குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் பொருத்தப்பட்டிருக்கிறது. குளிர்காற்று வருகிறதென்று அங்கிருந்த ஒரே வெண்டிலேட்டரையும் செய்தித்தாளை மடித்து அடைத்திருக்கிறார்கள். மூடிய சிறிய அறையில் எரிவாயு எரியும்போது பிராணவாயு குறைந்துகொண்டே வருகிறது. குறையக் குறைய எரிதல் முழுமை பெறாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்வதால், மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மூளைக்குப் பிராணவாயு எட்டாமல் போகிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிக்காற்றில் நின்றால் தெளிவு, இவைதான் அடையாளங்கள். மயங்கி விழுந்துவிட்டால் தாழ்ப்பாளைத் திறக்கக்கூட முடியாது.

அன்றே செய்தித்தாளை எடுத்தார்கள், கீசரை நிறுத்தினார்கள், மருத்துவரிடம் போனார்கள். இப்போது இருவரும் நலமாக இருக்கிறார்கள். கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றித் தர வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள், அதுவரை அடுப்பில் வெந்நீர் போட்டு வாளியில் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

தம்பி, இதை மட்டும் நீங்கள் யோசித்துப் பாருங்கள். அவசரம் என்று அவள் எழுதவில்லை, ஏனெனில் அது அவசரம் என்று அவளுக்கே தெரியாது. எது அவசரம் என்று தெரிந்தவர்கள் மட்டுமே பேசலாம் என்ற விதி அவளை வாய் மூட வைத்திருக்கும்.

டிசம்பர் 20

பலர் கேட்டதால் சுருக்கமாக. கரி போட்ட அங்கீட்டி என்கிற கணப்படுப்பை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்குவதும் இதே ஆபத்துதான். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதனால் குடும்பத்தோடு இறந்தவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. ஜன்னலைச் சற்றே திறந்து வைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையும் வேண்டாம், தூங்கும் அறைக்குள் கரி நெருப்பே கூடாது. யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவுகளைத் திறந்து வெளிக்காற்றுக்கு இழுத்து வந்துவிட்டு, அவசர உதவி எண்ணான 112ஐ அழையுங்கள்.

உங்கள் குடியிருப்பின் இரவுக் காவலாளி தன் சிறிய கூண்டுக்குள் என்ன எரிக்கிறார் என்பதையும் இன்று போய்ப் பாருங்கள். கூண்டுக்கு வெளியே எரித்துக்கொள்ளச் சொல்வதோடு நிறுத்தாமல், ஒரு நல்ல ரஜாயும் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

டிசம்பர் 29

சில நாள்களாக வெயில் இல்லை. குழுவில் பேச்சும் குறைந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் இரவுக் குளிரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். இரவுக்கு ரஜாய் இருக்கிறது. மனிதரைச் சோர்வடையச் செய்வது வெயில் இல்லாத பகல். ஜனவரியில் வழக்கமாகப் பகல் 20 டிகிரியை ஒட்டியும் இரவு 7 டிகிரியை ஒட்டியும் இருக்கும். பகலின் வெப்பம் கீழே இறங்கிவிட்டால் வீட்டுச் சுவரும் தரையும் சேர்ந்து குளிர்ந்துவிடும், ஏனெனில் தில்லி வீடுகள் கோடையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. 2019 டிசம்பர் 30 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான், 1901க்குப் பிறகு பதிவான டிசம்பர் நாள்களில் மிகவும் குளிர்ந்த பகல் அதுதான் என்று வானிலைத் துறை அறிவித்தது. அந்த வாரத்தில் துணி உலரவில்லை, தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை, காரணமே இல்லாமல் அழுகை வந்தது என்று எங்களில் பலர் பின்னால் ஒப்புக்கொண்டோம். அப்போது இந்தக் குழு இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் அழுதோம்.

‘எங்கள் மாடியில் வெயில் வந்துவிட்டது’ என்ற செய்தியை நீங்கள் வீண் பேச்சில் சேர்த்திருந்தீர்கள். பனிமூட்டம் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் விலகுவதில்லை. துவாரகாவில் தெளிந்துவிட்டது என்று ஒருவர் எழுதினால், யமுனைக்கு இக்கரையில் இருக்கும் நாங்கள் நாற்காலியைத் துடைத்து மாடிக்கு எடுத்துப் போகிறோம். கட்டிலை விட்டு எழாமல் படுத்திருப்பவர்கள் எழுந்து ஜன்னலைப் பார்க்கிறார்கள்.

அதே போல, காற்றின் தரத்தைக் காலையில் ஒருவர் போடுவதும் வீணன்று. குளிர்காலத்தில் இரவில் தரை வேகமாகக் குளிர்வதால், அதை ஒட்டிய காற்று கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே உள்ள சற்று வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் நிற்கிறது. கோடையில் மேலே கலைந்து போகும் புகை முழுவதும் இப்போது நம் மூக்குக்கு நேராக நிற்கிறது. 2024 நவம்பர் 18 அன்று காற்றுத்தரக் குறியீடு 490ஐத் தாண்டியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்கழி விடியற்காலைப் பூசைக்காக ராமகிருஷ்ணபுரத்து முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போகும் பெரியவர்கள் இந்தக் குறியீட்டையும் பனியையும் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. இங்கே ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கிறது, குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தமும் ஏறுகிறது. முருகன் எட்டு மணிக்கும் அங்கேதான் இருப்பார்.

ஜனவரி 4

நேற்றிரவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பெருங்குடியிலிருந்து தனியாகக் கிளம்பிய ஒரு தந்தை, மகளைப் பார்க்கத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருந்தார். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,180 கி.மீ. ஓடி இரண்டு இரவுகள் கழித்து அதிகாலையில் புதுதில்லி சேர வேண்டிய வண்டி, ஆக்ராவைத் தாண்டியதும் பனியில் ஊர ஆரம்பித்துவிட்டது. மழை பெய்து ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால் இப்படிப்பட்ட அடர்பனி இறங்கும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, ஓட்டுநருக்குச் சிக்னலும் தெரியாது. தந்தையின் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மகளோ கைக்குழந்தைக்காரி, அழுதுகொண்டே எழுதினாள்.

மதுரா சுத்திகரிப்பு ஆலைக் குடியிருப்பில் இருக்கும் தோழி அங்கே பனி எப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டே இருந்தார். ரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், வண்டி எந்த நிலையத்தைக் கடந்தது என்பதை உடனுக்குடன் பார்த்துச் சொன்னார். கரோல் பாக்கிலிருந்து இரண்டு பிள்ளைகள் ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீரும் ஒரு மப்ளரும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய் நடைமேடையில் காத்திருந்தார்கள். இடையிடையே அந்தப் பெண்ணுக்குத் துணையாகக் குழந்தையின் சளிக்கு என்ன கொடுப்பது, வெற்றிலை எங்கே கிடைக்கும் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது, அவள் தனியாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்பதற்காகவே. வண்டி நண்பகலுக்குப் பின் வந்தது. இறங்கிய பெரியவர் வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக நின்றார் என்று பிள்ளைகள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜனவரி 5

ஊரிலிருந்து உறவினர் வரும் வீட்டார் அனைவரும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்வெட்டர், காலுறை, குல்லாய் மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் நடுங்கும்போது எடுக்க முடியாது. பவர் பேங்க் ஒன்றும் அவசியம்.

ஜனவரி 11

தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார். கேஸ் கீசர் செய்தியைப் படித்துவிட்டுத் தம் விடுதிக் குளியலறைகளையும் போய்ப் பார்த்தாராம், அங்கே மின்சாரக் கீசர்தான் இருக்கிறதாம். ஆனாலும் தம் கேள்வியின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது என்கிறார்: ஒருநாள் இரவில் ரத்தம் கேட்டு ஒருவர் எழுதிய செய்தி, கேரட் அல்வா படங்களுக்கு நடுவில் காலை வரைக்கும் கவனிக்கப்படாமல் கிடந்தது.

இது நியாயமான குறை, இதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். அன்றாடப் பேச்சு உயிர் காக்கும் என்று நான் சொன்னதற்காக, அந்தப் பேச்சே உயிர் காக்கும் செய்தியை மூடிவிடலாம் என்பதை மறுக்க முடியாது. தம்பி சொன்ன யோசனைப்படியே அவசரத் தேவைகளுக்கென்று தனியாக ஓர் இடம் திறந்தாயிற்று. அதில் வாழ்த்தும் வணக்கமும்கூடக் கிடையாது, யாரும் அதை ஓசையடக்கி வைக்கக் கூடாது. முறைவைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் படிக்கிற பிள்ளைகளே ஏற்றிருக்கிறார்கள், எப்படியும் இரவில் விழித்திருக்கிறோம் என்கிறார்கள்.

பேசாமல் படிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவருடைய பெயரைச் சொல்லி, ஏன் இன்று எழுதவில்லை, உடம்புக்கு என்ன என்று எல்லார் முன்னிலும் கேட்காதீர்கள். அமைதியாக இருப்பது அவர் விருப்பமாக இருக்கலாம். கவலையாக இருந்தால் தனியாக எழுதுங்கள், அதுவும் ‘உங்கள் பகுதியில் பட்டாணி என்ன விலை?’ என்பதுபோல் எளிதாகப் பதில் சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். பதில் வந்தால் போதும். மருந்துக் குறிப்புகளை எங்கிருந்தோ எடுத்து அனுப்புவதையும் நிறுத்துவோம். ரத்த அழுத்த மாத்திரைக்குப் பதிலாக இதைக் குடியுங்கள் என்று வந்த ஒரு செய்தியைச் செவிலியர் தங்கை கண்டு நீக்கச் சொன்னாள், அவள் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

ஜனவரி 14

எல்லார்க்கும் பொங்கல் வாழ்த்துகள். நேற்று எங்கள் தெருவில் பஞ்சாபிக் குடும்பங்கள் லோஹ்ரி நெருப்பு வளர்த்து வேர்க்கடலையும் ரேவ்ரி என்கிற எள் மிட்டாயும் கொடுத்தார்கள். இன்று அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் போயிற்று. மஞ்சள் கொத்து கிடைக்காமல் தவித்தவர்களுக்கு ஐஎன்ஏ சந்தையிலிருந்து வாங்கிப் பங்கிட்டுக் கொடுத்த ராமகிருஷ்ணபுரத்து நண்பருக்கு நன்றி. ஜனக்புரி மாமி வீட்டில் இன்று தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. தம்பி, நீங்களும் போக வேண்டும், மாமி எண்ணிக்கை கேட்டிருக்கிறார்.

பிப்ரவரி 8

பகலில் வெயில் சுள்ளென்று அடிப்பதைப் பார்த்து ரஜாயை மூட்டை கட்ட வேண்டாம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று ஊரில் சொல்வது தில்லிக்கும் பொருந்தும். சிவராத்திரிக்குப் பிறகு நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் காயவைத்து, நாப்தலீன் உருண்டை போட்டு எடுத்து வையுங்கள். பணி மாற்றலில் ஊருக்குத் திரும்புகிறவர்கள் ஹீட்டரையும் ரஜாயையும் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிடாமல் என்னிடம் கொடுத்தால், வரும் நவம்பரில் புதிதாக வருபவர்களுக்குப் பயன்படும், என் வீட்டுப் பரணில் இடம் இருக்கிறது.

ஜனக்புரி மாமி பதினைந்தாம் தேதி ஜிடி எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்புகிறார், இரண்டு மாதம் தங்கை வீட்டில் இருப்பார். வீட்டிலிருந்து நிலையம் வரை காரில் கொண்டுபோய் விட மாளவியா நகர் நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பெட்டிகளை நடைமேடை வரை எடுத்துப் போய் மாமியை இருக்கையில் உட்கார வைக்க ஓல்டு ராஜிந்தர் நகரிலிருந்தோ கரோல் பாக்கிலிருந்தோ இருவர் வேண்டும். யார் வருகிறீர்கள் என்று இன்றிரவுக்குள் எழுதிவிடுங்கள்.